பின் பள்ளத்தாக்குக்குக் கேரவனா, டாக்சியா? டெல்டாக் குடும்பங்களுக்கு ஓர் ஒப்பீடு

இமயமலைப் பக்கம் போக ஜூன் முதல் செப்டம்பர் வரைதான் சிறந்த காலம் என்று வழிகாட்டிகள் எல்லாம் ஒரே குரலில் சொல்கின்றன. காவிரிப் பாசனத்தில் நான்கு மா நிலம் வைத்திருப்பவருக்குக்கூட அந்த ஆலோசனை உதவாது. வழக்கப்படி ஜூன் 12-ல் மேட்டூரைத் திறந்தால் மூன்று நான்கு நாளில் கல்லணைக்குத் தண்ணீர் வந்துவிடும். அதன் பிறகு குறுவை நடவு, அது அறுப்புக்கு வருவதற்குள் சம்பா நாற்றங்கால், ஐப்பசி கார்த்திகை அடைமழை, தை மாசியில் அறுவடை, தரிசில் விதைத்த உளுந்தும் பயறும் வீடு வந்து சேரப் பங்குனி கடந்துவிடும். ஆகக் குடும்பத்தோடு மூன்று வாரம் ஊரைவிட்டு நகர முடிகிற காலம் சித்திரைக் கடைசியிலிருந்து வைகாசிக்குள் அடங்கிவிடுகிறது. பள்ளி விடுமுறையும் அப்போதுதான். எந்த வண்டி, எந்த வழி என்ற கேள்விகளில் பாதிக்கு இந்தக் கணக்கே பதில் சொல்லிவிடுகிறது.

போகிற இடம் பின் (Pin) என்கிற ஆற்றின் பெயரைக் கொண்ட பின் பள்ளத்தாக்குத் தேசியப் பூங்கா. இமாசலப் பிரதேசத்தின் லாஹௌல்–ஸ்பிதி மாவட்டத்தில் 1987-ல் அறிவிக்கப்பட்டது; மையப் பகுதி மட்டும் 675 சதுர கிலோமீட்டர். மரம் என்று சொல்ல அதிகம் இல்லாத குளிர்ப் பாலைவனம். பனிச்சிறுத்தையும் ஐபெக்ஸ் என்கிற வளைந்த கொம்புக் காட்டாடும் வாழும் இடம். ஸ்பிதியின் தலைமையூரான காஸாவிலிருந்து சுமார் 50 கிலோமீட்டரில் வண்டி போகும் கடைசி ஊரான முத் இருக்கிறது. அதற்கு அப்பால் நடைதான். லடாக்கின் ஹெமிஸ் நாட்டிலேயே பெரிய தேசியப் பூங்கா. ஆனால் அதன் உட்பகுதியைக் கால்நடையாகத்தான் பார்க்க வேண்டும். குலுவில் உள்ள பெரிய இமாலயத் தேசியப் பூங்காவும் அப்படியே. வண்டியிலேயே தங்கி, சமைத்துச் சாப்பிட்டுப் போக வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்கு அந்த இரண்டிலும் வேலை இல்லை. முத் வரைக்கும் சாலை போவதால்தான் கேரவன் பேச்சே எழுகிறது.

எழுந்த பேச்சு மூன்று வகை. கும்பகோணத்திலேயே கேரவன் அமர்த்திக்கொண்டு நேரே போவது ஒன்று. ரயிலிலோ விமானத்திலோ வடக்கே போய், டெல்லியிலோ சண்டிகரிலோ கேரவன் வாடகைக்கு எடுப்பது இன்னொன்று. மூன்றாவது, அதே ரயில், பிறகு சிம்லாவிலிருந்து மலைக்காரர் ஓட்டும் டாக்சி, இரவில் ஹோம்ஸ்டே, அதாவது ஊர்க்காரர் வீட்டிலேயே காசு கொடுத்துத் தங்குவது. நான்காவதாக அரசுப் பேருந்தும் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஊரிலிருந்தே வண்டி என்பது கேட்க மிக அழகாக இருக்கும். அரிசி மூட்டை, ஊறுகாய் ஜாடி, பாட்டியின் மடக்கு நாற்காலி எல்லாம் ஏறிவிடும். வழியும் குழப்பமில்லை. திருச்சி தாண்டி நாமக்கல்லில் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையைப் பிடித்தால் பெங்களூரு, ஹைதராபாத், நாக்பூர், ஜான்சி, ஆக்ரா, டெல்லி, அம்பாலா வரை ஒரே சாலைதான். சண்டிகர் வரை ஏறத்தாழ 2,700 கிலோமீட்டர். நாளொன்றுக்கு 550 கிலோமீட்டர் ஓட்டினால் போக ஐந்து நாள், வர ஐந்து நாள். மலைக்குள் சுற்றுவதையும் சேர்த்தால் மொத்தம் 6,500 கிலோமீட்டரை நெருங்கும். டெம்போ டிராவலர் அளவு வண்டி லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் கொடுத்தால் டீசல் மட்டும் 650 லிட்டர். ஐம்பது அறுபதாயிரம் ரூபாய் அதற்கே போய்விடும். சுங்கச்சாவடியும் ஓட்டுநர் படியும் தனி.

பணத்தைவிடப் பெரிய தொல்லை வெயில். எங்கள் வீட்டில் நடந்த பேச்சையே சொல்கிறேன். "சித்தப்பா, குளிர்கிற ஊருக்குத்தானே போகிறோம்? ஏசி இல்லாத வண்டியாகப் பார்த்தால் வாடகை குறையுமே" என்றான் தம்பி மகன். "நாக்பூர் தாண்டித்தானே தம்பி அந்தக் குளிருக்குப் போக வேண்டும்?" என்றார் சித்தப்பா. விஷயம் அவ்வளவுதான். மே மாதத்தில் விதர்பாவிலும் ஜான்சிப் பக்கமும் 45 டிகிரி சர்வசாதாரணம். இரவில் நிறுத்திவைத்த தகர உடம்புக்குள் ஏசி ஓட ஜெனரேட்டரோ வெளி மின்சாரமோ வேண்டும். பெட்ரோல் பங்க் ஓரத்தில் நிறுத்தினால் இரண்டும் கிடைக்காது. அப்புறம் எல்லோரும் விடுதி அறை தேடிப் போவார்கள். கேரவன் வெளியே சும்மா நிற்கும். அதே வண்டி பத்து நாளுக்குள் உறைநிலைக் குளிரையும் தாங்க வேண்டும். இரண்டுக்கும் ஒத்துவரும்படி உள்ளே வேலை செய்த வண்டி நம் பக்கம் வாடகைக்குக் கிடைப்பது அரிது.

ஓய்வுபெற்ற கணவன் மனைவி, கையில் இரண்டு மாதம், வழியில் ஹம்பி, ஓர்ச்சா எல்லாம் பார்த்துக்கொண்டு போகிறோம் என்றால் கதை வேறு. மூன்று வாரக் குடும்பத்துக்கு இது ஆகாது. போட்டியில் மிஞ்சுவது மற்ற இரண்டுந்தான்.

ரயில் இரண்டுக்கும் பொது. திருச்சியிலிருந்து திருக்குறள் எக்ஸ்பிரஸோ சம்பர்க் கிராந்தியோ பிடித்தால் இரண்டு இரவுகளில் டெல்லி நிஜாமுதீன். முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்பிருந்துதான். மே மாதப் படுக்கைக்கு மார்ச்சிலேயே கண் வைக்க வேண்டும். டெல்லியிலிருந்து கல்காவுக்கு சதாப்தி. கல்காவிலிருந்து சிம்லாவுக்கு 1903-ல் போட்ட மலை ரயில் இருக்கிறது, 96 கிலோமீட்டர். பிள்ளைகள் கூட இருந்தால் அதை விட்டுவிடாதீர்கள்.

இனி மலை வழி. ஸ்பிதிக்கு இரண்டு வாசல். மணாலியிலிருந்து 2020-ல் திறந்த 9 கிலோமீட்டர் அடல் சுரங்கத்தில் புகுந்து, கிராம்பூ, பாடல் வழியாகக் குன்சும் கணவாய் ஏறிக் காஸாவில் இறங்குவது ஒன்று. 200 கிலோமீட்டர்கூட இல்லை. சிம்லாவிலிருந்து நார்க்கண்டா, ராம்பூர், கின்னௌர், நாக்கோ, தாபோ என்று சட்லெஜையும் ஸ்பிதி ஆற்றையும் பிடித்துக்கொண்டே போவது மற்றொன்று. 400 கிலோமீட்டருக்கு மேல். வரைபடத்தைப் பார்க்கிற எவரும் முதலாவதைத்தான் தொடுவார்கள். ஆனால் குன்சும் 4,550 மீட்டர் உயரம். பனி வெட்டி வழிவிடுவது பெரும்பாலும் ஜூனில். நம் வைகாசிப் பயணத்துக்கு அந்தக் கதவு திறந்திருக்கும் என்று நம்பித் திட்டம் போட முடியாது. கின்னௌர் வழி ஆண்டில் பெரும்பகுதி திறந்திருக்கிறது. அதற்கும் ஆபத்துக் காலம் உண்டு. ஜூலை, ஆகஸ்ட் மழையில் மலை சரியும். 2021 ஆகஸ்டில் நிகுல்சரியில் சரிந்த மலை ஒரு பேருந்தையும் வேறு வண்டிகளையும் மூடிப் பலர் இறந்தார்கள். மழைக்கு முன்பே போய்த் திரும்பிவிடுவதால் இந்த ஒரு விஷயத்தில் டெல்டாக்காரர்களுக்கு அவர்கள் நாட்காட்டியே காவல்.

திறந்திருப்பதைவிட முக்கியமான காரணம் உடம்பு. கும்பகோணத்தின் உயரம் கடல் மட்டத்திலிருந்து 30 மீட்டருக்குள். திருவாரூர் அதைவிடத் தாழ்வு. முத் 3,800 மீட்டர். அங்கே காற்றழுத்தம் நம் ஊரில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு. ஒவ்வொரு மூச்சிலும் ஆக்சிஜன் அந்த அளவுக்குக் குறையும். 3,000 மீட்டருக்கு மேலே போய்விட்டால், படுத்துத் தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது என்பது மருத்துவர்கள் சொல்லும் பொது விதி. மணாலி 2,050 மீட்டர். அங்கே காலையில் கிளம்பி, பகலில் 4,550-ஐத் தொட்டு, இரவு காஸாவில் 3,650-ல் படுத்தால் ஒரே நாளில் 1,600 மீட்டர் ஏற்றம். பாதிப்பேருக்கு இரவு முழுதும் தலைவலியும் குமட்டலும்தான். கின்னௌர் வழியில் நார்க்கண்டா 2,700, கல்பா 2,960, தாபோ 3,280, காஸா 3,650, முத் 3,800. யாரோ நமக்காகவே படி வெட்டிவைத்த மாதிரி. இதில் நாக்கோவில் மட்டும் தங்க வேண்டாம். அது 3,660 மீட்டர், தாபோவுக்கு முன்பே வந்து கணக்கைக் கெடுத்துவிடும். அங்குள்ள ஏரியைப் பார்த்துவிட்டு இறங்கிவிடலாம். தாபோவில் 996-ல் கட்டிய மடாலயம் இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் எழுவதற்குக் கொஞ்சம் முன்னால் அங்கே மண்சுவரில் ஓவியம் தீட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள். ஒரு நாள் அங்கே இருந்துவிட்டால் பார்த்ததாகவும் ஆகும், உடம்பு பழகியதாகவும் ஆகும்.

உயரத்தால் வரும் தலைவலி, குமட்டலைத் தடுக்கும் அசெட்டசோலமைடு மாத்திரை பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். கிளம்பும் முன் உங்கள் மருத்துவரைக் கேளுங்கள். சல்ஃபா வகை மருந்துகள் ஒவ்வாமை தருமென்றால் அதைச் சொல்லிவிடுங்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை இருக்கிற பெரியவர்கள் கேட்காமல் போகவே கூடாது.

கேரவனுக்கு இந்தப் படிப்படி ஏற்றத்தில் ஒரு நன்மை இருப்பதாகத் தோன்றும்: நினைத்த உயரத்தில் நிறுத்தித் தூங்கலாமே. நடப்பில் அப்படி இல்லை. கின்னௌர் சாலையில் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் சட்லெஜ். இரவு நிறுத்தும் அகலத்துக்கு இடம் கிடைப்பதே ஊர்களில்தான். கல் விழும் சரிவின் கீழே நிறுத்துவது தற்கொலைக்குச் சமம். எனவே டாக்சிக்காரர் எந்த ஊர்களில் நிற்பாரோ அதே ஊர்களில்தான் கேரவனும் நிற்க வேண்டியிருக்கும்.

ஓட்டுவது யார் என்பது அடுத்த கேள்வி. தாமே ஓட்டலாம் என்று வாடகைக்கு விடும் வண்டிக்குக் கறுப்பு எண் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும். வெள்ளைப் பலகைச் சொந்த வண்டியை வாடகைக்குக் கொடுத்தால் விபத்தின்போது காப்பீடு கைவிரித்துவிடும். ஒப்பந்தத்தில் எந்தச் சாலைகள் விலக்கு என்பதையும் படியுங்கள். நம் பிள்ளைகள் நன்றாகத்தான் ஓட்டுகிறார்கள். ஆனால் தஞ்சாவூர்–நாகப்பட்டினம் சாலையில் பாலம் ஏறுவதைத் தவிர வேறு ஏற்றம் பார்த்திருக்க மாட்டார்கள். மலையில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பது விதி. இறங்கும்போது எதிரே பேருந்து வந்தால் பள்ளத்தாக்கை ஒட்டிப் பின்னோக்கி எடுக்க வேண்டும். ஆறு மீட்டர் நீள வண்டியில், பின்கண்ணாடியைக் கட்டில் மறைத்திருக்க, அதைச் செய்வது விளையாட்டல்ல.

அட்டர்கோ பாலத்தில் ஸ்பிதி ஆற்றைக் கடந்து பின் பள்ளத்தாக்குக்குள் திரும்பிய பிறகு, சாலையை ஓடைகள் குறுக்கே வெட்டுகின்றன. காலையில் கணுக்கால் ஆழம். பனி உருகி மதியத்துக்கு மேல் முழங்காலுக்கு வந்துவிடும். நாங்கள் டாக்சியில் போனபோது அப்படியொரு ஓடையில் எங்களுக்கு முன்னால் ஒரு கேரவன் இறங்கியது. முன்சக்கரம் ஏறிவிட்டது, பின்சக்கரத்துக்குப் பின்னால் நீண்டிருந்த உடம்பு கூழாங்கல் மேட்டில் உட்கார்ந்துவிட்டது. பக்கக் கதவின் மடக்குப்படி முதலில் போனது. பிறகு அடியிலிருந்த கழிவுநீர்த் தொட்டியின் குழாய். வண்டியிலிருந்தவர்கள் பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு உருகிய பனித் தண்ணீரில் இறங்கிக் கல் பொறுக்கிப் போட்டார்கள்; எங்கள் ஓட்டுநரும் போய்க் கை கொடுத்தார். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அதே ஓடையை எங்கள் சுமோ இரண்டாம் கியரில் தாண்டியது. உள்ளூர்ப் பேருந்தும் அன்றாடம் தாண்டுகிறது, பெரிய சக்கரமும் உயரமான உடம்பும் இருப்பதால். கேரவன் செய்கிறவர்கள் தொட்டி, படி, மின்கலம் என்று எல்லாவற்றையும் அடியில் தொங்கவிடுகிறார்கள், தட்டுப்படுவதும் அங்கேதான்.

சமையலுக்கு வருகிறேன். கேரவன் வேண்டும் என்பவர்கள் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் சோற்றுக்காகத்தான் கேட்கிறார்கள். 3,800 மீட்டரில் தண்ணீர் ஏறத்தாழ 87 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் வைத்தால் பொன்னி அரிசி நடுவில் நறுக்கென்று நிற்கும், பருப்பு வேகவே வேகாது. குக்கர் இல்லாமல் போகாதீர்கள். இருந்தாலும் வழக்கத்தைவிடக் கூடுதல் விசில் வைக்க வேண்டும். இட்லி மாவு அந்தக் குளிரில் புளிக்காது, அந்த ஆசையை விட்டுவிடலாம். எரிவாயு சிலிண்டரில் உள்ள பியூட்டேன் உறைநிலையை ஒட்டிய குளிரில் ஆவியாகாமல் மந்தமாகும். விடிகாலையில் அடுப்பு முனகும். டீசலில் எரியும் சூடேற்றி வைத்த கேரவன்களும் உண்டு. உயரத்துக்கு ஏற்பச் சரிசெய்யாத சூடேற்றி அந்தக் காற்றில் சரியாக எரியாமல் கரி பிடித்து நின்றுவிடும். அது நின்றதும் சிலர் கேஸ் அடுப்பை எரியவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு படுக்கிறார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. எக்காரணம் கொண்டும் செய்யக்கூடாத காரியம் அது.

ஹோம்ஸ்டேயில் இந்தக் கவலை ஒன்றும் இல்லை. முத்தில் நாங்கள் தங்கிய வீட்டின் சமையலறைதான் வீட்டுக்கே நடுக்கூடம். நடுவில் இரும்பு அடுப்பு, புகைக்குழாய் கூரையைத் துளைத்துக்கொண்டு போகிறது, சுற்றிலும் தாழ்வான மெத்தைகள். உலர்ந்த சாணமும் சுள்ளியும் எரிகின்றன. வீட்டுக்கார அம்மாள் சோற்றைக் குக்கரில் ஏற்றிவிட்டு ஒவ்வொரு விசிலுக்கும் அடுப்பின் காற்றுக்கதவை ஒரு விரற்கடை நகர்த்திக்கொண்டிருந்தார். என் அம்மா கொண்டுபோன ரசப்பொடியை நீட்டியதும் முகர்ந்து பார்த்துத் தும்மினார், ஆனாலும் வைக்கவிட்டார். கேரவனில் நாமே சமைப்போம், நாமே சாப்பிடுவோம், பாத்திரத்தை உறையும் தண்ணீரில் நாமே கழுவுவோம்.

தண்ணீரும் கழிவறையும் கேரவனுக்குப் பெரிய பலம் என்று நினைத்திருந்தேன். கீழ்மலையில் பலந்தான். முழங்கால் வலிக்காரர்களுக்கு இரவில் நாலடி தூரத்தில் உட்கார்ந்து எழ ஏற்ற கழிவறை என்பது சின்ன விஷயம் அல்ல. ஆனால் ரசாயனக் கழிவைக் கொட்ட ஸ்பிதியில் இடம் கிடையாது. ஆற்றிலோ வயலோரத்திலோ திறந்துவிடுவது அயோக்கியத்தனம். அந்த ஊர்ப் பழைய வீடுகளில் தண்ணீரே இல்லாத உலர் கழிவறைதான்; மண்ணும் சாம்பலும் போட்டு மூடி, மக்கியதை வயலுக்கு எருவாக அள்ளிவிடுகிறார்கள். இப்போது பல ஹோம்ஸ்டேகளில் மேற்கத்திய வகைக் கழிவறையும் இருக்கிறது. முன்பதிவு செய்யும்போதே கேட்டுக்கொண்டால் பெரியவர்கள் பிரச்சினை தீர்ந்துவிடும்.

அங்கே தண்ணீரின் அருமை வேறு. மழை நிழல் பகுதி. பனி உருகிவரும் நீரைக் குல் என்கிற வாய்க்காலில் இறக்கிப் பட்டாணியும் பார்லியும் விளைவிக்கிறார்கள். நாங்கள் போனது நம் பக்கம் வாய்க்காலெல்லாம் வறண்டு, தூர்வாரும் இயந்திரம் உறுமிக்கொண்டிருந்த வாரம். விடிந்ததும் வீட்டுக்காரர் மண்வெட்டியோடு கிளம்பினார். சித்தப்பா, இந்தி ஒரு வார்த்தை தெரியாதவர், பின்னாலேயே போய்விட்டார். யாருக்கு எப்போது முறை, யார் மடையை யார் திருப்பினார்கள் என்கிற சண்டை உட்பட எல்லாம் புரிந்துகொண்டு வந்தார். மண்ணை மிதித்து அணைக்கும் விதம் மட்டும் நம்மைப் போல இல்லையாம். கல்லும் புல்கட்டியும் வைத்து அடைக்கிறார்களாம். காலைச் சாப்பாடு முடியும் வரை அதையே சொல்லிக்கொண்டிருந்தார். வண்டியில் தூங்கியிருந்தால் இதெல்லாம் கண்ணாடிக்கு வெளியே நடந்திருக்கும்.

செலவில் யார் மலிவு என்பதைத் தலைக்கணக்கில் பார்க்க வேண்டும். கேரவனில் படுக்கை பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு பேருக்கு. ஆறு பேர் போனால் இரண்டு பேருக்கு எப்படியும் அறை எடுக்க வேண்டும். ஓட்டுநர் வந்தால் அவருக்கும் இடம் வேண்டும். ஆறு பேரை ஒரே இன்னோவாவோ சுமோவோ ஏற்றிக்கொள்ளும். ஹோம்ஸ்டேயில் படுக்கையும் இரண்டு வேளைச் சாப்பாடும் சேர்த்தே விலை சொல்கிறார்கள். இரண்டே பேர் போகும்போதுதான் கேரவன் போட்டிக்கு நெருங்கி வருகிறது. அப்போதும் டிராவலர் அளவு வேண்டாம். நான்கு சக்கர இழுவை உள்ள பிக்-அப் வண்டியின் முதுகில் சிறு அறை கட்டியதாகப் பாருங்கள். ஓடையில் அது உட்காராது. கின்னௌரின் பவாரியில் தொட்டியை நிரப்பிக்கொள்ளுங்கள், அடுத்த பங்க் காஸாவில்தான்.

பாதி வழி கேரவன், மீதி வழி டாக்சி என்று ஒரு சமரசத்தை மைத்துனர் சொன்னார். கல்பா வரை கேரவனில் போய் அங்கே நிறுத்திவிட்டு மேலே டாக்சி. ஆப்பிள் தோட்டங்களுக்கு நடுவே நின்று, எதிரே கின்னர் கைலாசத்தைப் பார்த்தபடி காபி குடிக்க அருமையான இடம், மறுக்கவில்லை. ஆனால் நிற்கிற வண்டிக்கும் வாடகை, ஓடுகிற வண்டிக்கும் வாடகை. கேரவன் ஆசையே பெரிது என்றால் ஸ்பிதியை விட்டுவிட்டுக் கின்னௌரிலுள்ள சங்லாவும் கல்பாவும் மட்டும் போய்வருவது நேர்மையான முடிவு. பூங்கா வேண்டும் என்றால் சிம்லாவிலிருந்து டாக்சிதான்.

டாக்சி பேசும்போது ஓட்டுநர் சிம்லாவையோ கின்னௌரையோ ஸ்பிதியையோ சேர்ந்தவரா என்று கேளுங்கள். சமவெளிக்காரர் என்றால் வேறு ஆள் பாருங்கள். நாள் கணக்கில் பேசுங்கள், கிலோமீட்டர் கணக்கில் வேண்டாம். சாலை அடைபட்டு ஒரு நாள் நின்றால் சண்டை வராது. பின் பள்ளத்தாக்குக்குக் காலையிலேயே புறப்பட வேண்டும் என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள்.

பேருந்து பற்றிச் சொல்வதாக எழுதியிருந்தேன். கின்னௌரின் தலைமையூரான ரெகாங் பியோவிலிருந்து காஸாவுக்கும், காஸாவிலிருந்து முத்துக்கும் இமாசல அரசுப் பேருந்து ஓடுகிறது. தனியாகவோ நண்பனோடோ போகிற இருபது வயதுக்காரர்கள் மேலே எழுதிய எதையும் படிக்கத் தேவையில்லை. ஜன்னல் ஓர இருக்கைக்கு ரெகாங் பியோ பேருந்து நிலையத்தில் விடியும் முன்பே போய் வரிசையில் நில்லுங்கள்.